தூரப்பிடியாளர் ஜவுபரின் நானூற்று ஒன்பது பிடிகள்

என் பெயர் மீராமுகைதீன். கல்முனையில் ஒரு சபை இருந்தது, அதில் நான் லிகிதர். சபையின் முழுப்பெயர் 'கரையோர அமெரிக்க உதைபந்தாட்ட அபிவிருத்தி மற்றும் மேம்பாட்டுச் சபை'. அபிவிருத்திக்கும் மேம்பாட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று முதற்கூட்டத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் கேட்டேன். அதை ஆராய மூன்று பேர் கொண்ட உபகுழு ஒன்றைப் போட்டார்கள். அந்த உபகுழுவுக்குத் தேநீரும் வடையும் வாங்கிக் கொடுத்தே என் செருப்புத் தேய்ந்தது. அதற்குப் பிறகு நான் எதையும் கேட்கவில்லை. சொன்னதை எழுதினேன். அப்படி அவர்கள் சொல்லி எழுதியதில் ஒரு வரிகூட உண்மையில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது.

எழுபத்தெட்டாம் ஆண்டு கார்த்திகையில் அடித்த சூறாவளி எங்கள் கரையில் கூரை என்று சொல்ல ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. பல நாடுகளிலிருந்தும் சாமான் வந்தது. பால்மா வந்தது. கம்பளி வந்தது, இந்த வெயிலுக்குக் கம்பளி! அமெரிக்காவிலிருந்து ஒரு பெரிய மரப்பெட்டி வந்தது. கூரைத்தகரம் என்று நினைத்து எட்டுப் பேர் சேர்ந்து இறக்கினார்கள். உடைத்துப் பார்த்தால், முகத்துக்குக் கம்பி வைத்த தலைக்கவசம் இருபத்திரண்டு, தோளில் மாட்டும் பெரிய கவசம் இருபத்திரண்டு, இரண்டு முனையும் கூரான தோல்பந்து ஆறு, பந்துக்குக் காற்றடிக்கும் ஊசி ஒரு டப்பா. யாரோ பெட்டியை மாற்றி அனுப்பிவிட்டார்கள். அங்கே எங்கேயோ ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் எங்கள் கூரைத்தகரத்தை வைத்துக்கொண்டு பெடியன்மார் முழித்திருப்பார்கள்.

எங்கள் சனம் எதையும் வீணாக்காது. காரைதீவில் நேசம்மா என்ற பெண் தலைக்கவசத்தை மல்லாத்தி வைத்து அதில் கோழியை அடைகிடத்தினாள், பதினொரு குஞ்சு பொரித்தது. சொறிக்கல்முனையில் கதிர்காமன் தோள்கவசத்தை வயலில் வெருளிக்கு மாட்டிவிட்டான், அந்தப் போகம் ஒரு கிளிகூட அண்டவில்லை. டப்பாவில் ஊசி என்று எழுதியிருந்ததால் களஞ்சியப் பொறுப்பாளர் அதை ஓர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். பந்து மட்டும் ஒருவருக்கும் உதவவில்லை.

அப்போதுதான் கொழும்பிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. நன்கொடைப் பொருள் எந்த நோக்கத்துக்காக அனுப்பப்பட்டதோ அந்த நோக்கத்துக்கு மாத்திரமே பயன்படுத்தப்பட வேண்டும், தவறினால் பொறுப்பான உத்தியோகத்தர் விளக்கமளிக்க வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. பொறுப்பான உத்தியோகத்தர் பக்கீர் முகைதீன். இருபத்தாறு வருடச் சேவையில் ஒரு தடவையும் விளக்கமளிக்காதவர் என்ற பெருமை அவருக்கு இருந்தது. உடனே ஜீப் புறப்பட்டது. நேசம்மாவின் கோழியைக் கிளப்பித் தலைக்கவசத்தைப் பறித்தார்கள். கதிர்காமனின் வெருளியை உரிந்தார்கள். பொருளைப் பயன்படுத்த ஓர் ஆட்டம் வேண்டும், ஆட்டத்தை நடத்த ஒரு சபை வேண்டும் என்று தீர்மானமாயிற்று. பத்தொன்பது பேர் கொண்ட சபை அமைந்தது. பக்கீர் முகைதீன் தவிசாளர். காரைதீவைச் சேர்ந்த கனகரெத்தினம் செயலாளர். பெட்டிக்குள் கிடந்த விதிப்புத்தகத்தை வாசித்த ஒரே மனிதர் கனகரெத்தினம்தான். வாசித்தார் என்றால், பதினான்காம் பக்கம் வரைக்கும்.

தொடக்க விழாவில் தவிசாளர் பேசினார். கேட்டுக்கொண்டிருந்த சனத்தில் பாதிப்பேர் இன்னும் கிடுகுக் கொட்டிலில் இருந்தவர்கள். மேடைக்குப் புதுத் தகரம் போட்டிருந்தார்கள்.

"சூறாவளி எங்கட கூரையத்தான் கொண்டு போச்சு, எங்கட மதிப்பக் கொண்டு போகல்ல! கூரையில்லாம மனிசன் எப்படியும் இருந்திருவான். சபையில்லாம ஒரு ஊர் இருக்க ஏலுமா? சொல்லுங்க பாப்பம்!"

முன்வரிசையில் இருந்த பதினெட்டு உறுப்பினரும் கைதட்டினார்கள்.

இனி ஆட்டக்காரர். பதினொரு பேர் வேண்டும், ஒவ்வொரு பதவிக்கும் மேலிடத்து அங்கீகாரம் வேண்டும். பந்தை எறிகிறவன்தான் இந்த ஆட்டத்தில் அணியை நடத்துகிறவன். ஆகவே அவனுக்குக் கணக்குப் பரீட்சையில் திறமைச் சித்தி வேண்டும், ஐந்து வருட முன்னனுபவம் வேண்டும் என்று சபை விதித்தது. இலங்கையில் ஒருவரும் ஆடாத ஆட்டத்தில் ஐந்து வருட அனுபவத்துக்கு எங்கே போவது? அந்தப் பதவி வெற்றிடமாகவே கிடந்தது. எறிகிறவன் வராமல் மற்றவர்களை எடுக்கக்கூடாது என்று இன்னொரு விதி. ஒரேயொரு பதவிக்குத்தான் விலக்கு இருந்தது. தூரமாக ஓடிப்போய், எறிகிற பந்தைப் பிடிக்கிறவன். புத்தகத்தில் வைட் ரிசீவர் என்றிருந்தது. சபை அதற்குத் 'தூரப்பிடியாளர்' என்று பெயர் வைத்தது.

"இதுக்கு ஒரு தகைமையும் தேவையில்ல. ஓடோணும், பிடிக்கோணும். யாரும் கிடைப்பான்" என்றார் கனகரெத்தினம்.

கிடைத்தவன் ஜவுபர். பாலமுனைக்காரன், இருபது வயது.

பாலமுனை மணலில் வத்தகப்பழம் என்கிற தர்பூசணி விளையும் என்பது எல்லாருக்கும் தெரியும். பங்குனி, சித்திரையில் லொறி ஏற்றுவார்கள். தோட்டத்திலிருந்து ரோட்டு வரை எட்டுப் பேர் வரிசையாக நிற்பார்கள். பழம் கைக்குக் கை எறிபட்டு வரும். கடைசி ஆள் லொறிக்கு மேலே நின்று பிடித்து அடுக்குவான். அந்தக் கடைசி ஆள் ஜவுபர். அவன் பழத்தைப் பார்ப்பதே இல்லை. கதைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, ரோட்டில் போகிற ஆளுக்கு ஸலாம் சொல்லிக்கொண்டு பிடிப்பான். அந்த வரிசைக்கு ஒரு வழக்கம் உண்டு. பழம் விழுந்து வெடித்தால் யாரையும் ஏசக்கூடாது, வேலையை நிறுத்தி எல்லாரும் ஆளுக்கொரு துண்டு தின்றுவிட்டுத்தான் அடுத்த பழம். தாகமெடுத்தால் வேண்டுமென்றே கைவிடுகிறவர்களும் இருந்தார்கள். ஜவுபர் ஒருநாளும் விட்டதில்லை. வரிசைக்குத் தலைவரான சீனிமுகம்மதுவுக்கு அதிலே மனவருத்தம்.

"இந்த அறுவான் மேல ஏறினா எங்கட தொண்ட காயும். எட்டு வருஷமா இவன் ஒரு பழம் விடல்ல!"

ஒரு நாள் அந்த லொறிக்குப் பின்னால் கனகரெத்தினத்தின் ஜீப் மாட்டிக்கொண்டது. ஒலிப்பானை அடித்து அடித்துக் களைத்துப்போய் மேலே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ஜவுபரின் தலையெழுத்து அப்படி.

நேர்முகப் பரீட்சை நடந்தது. பத்தொன்பது பேரும் ஒரு நீள மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். கிராம சேவகரின் நற்சான்று, பள்ளிவாசல் மரைக்கார்மாரின் நற்சான்று, பல் வைத்தியரின் கடிதம் எல்லாம் பார்த்தார்கள். அமெரிக்காவின் தலைநகர் எது என்று கேட்டார்கள். ஐக்கிய நாடுகள் சபையில் எத்தனை நாடு என்று கேட்டார்கள்.

"எனக்குத் தெரியா சேர்" என்றான் ஜவுபர். "ஒரு பந்த எறிஞ்சு பாருங்களன், பிடிச்சுக் காட்டுறன்."

தவிசாளருக்குக் கோபம் வந்துவிட்டது. "நேர்முகப் பரீட்சையில பந்தெறியிறதா? இது கந்தோர், தம்பி. சந்தையில்ல."

வேறு விண்ணப்பதாரி இல்லாததால் அவனையே எடுத்தார்கள். முதல் சுற்றுப்போட்டி முடிந்ததும் ஒரு கூட்டுத்தாபனத்தில் நிரந்தர நியமனம் என்று வாக்குக் கொடுத்தார்கள். அதைத்தான் அவன் நம்பினான். அவனுக்குத் தேவை இருந்தது.

எங்கள் பக்கத்தில் கலியாணம் என்றால் வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். ஜவுபரின் தங்கை ஹாஜறாவுக்கு மாப்பிள்ளை பேசி முடிந்திருந்தது. வாப்பா கட்டி வைத்துவிட்டு மௌத்தான வீடு, சுவர் நல்ல சுவர். ஓட்டுக்கூரை சூறாவளியோடு போய்விட்டது. கூரையைத் திரும்பப் போடுவது ஜவுபரின் பொறுப்பு. பழம் ஏற்றும் பருவத்தில் உழைத்து ஓடு வாங்கி, அடுத்த பருவத்தோடு மூடிவிடலாம் என்று இருந்தான். நிரந்தர நியமனம் என்றதும் மாப்பிள்ளையின் வாப்பா ஆதம்பாவாவே மகிழ்ந்துபோய், "கவர்மென்ட் மச்சான் ஒண்டு என்ட மகனுக்கு" என்று ஊரெல்லாம் சொன்னார்.

வேலையை ஏற்ற அன்றே தவிசாளர் ஓர் உறுதிமொழிப் பத்திரத்தை நீட்டினார். புத்தகத்தின் பன்னிரண்டாம் பக்கத்தில், கூலிக்கு ஆடுகிறவன் அமெச்சூர் ஆட்டக்காரன் ஆகமாட்டான் என்று எழுதியிருந்தது. அதைச் சபை தன் பாட்டுக்கு விரித்துக்கொண்டது. தட்டச்சு செய்தவன் நான்தான், அதனால் இன்றும் மனப்பாடம்: 'கூலிக்குத் தேங்காய், ஓடு, செங்கல், மீன் மற்றும் எறியப்படும் எப்பொருளையும் பிடிக்கமாட்டேன். வத்தகப்பழத்தைப் பொறுத்தவரை, கூலிக்கோ கூலியின்றியோ, எச்சூழ்நிலையிலும், எவர் எறிந்தபோதிலும், பிடிக்கமாட்டேன்.' கடைசி வாக்கியம் தவிசாளரின் சொந்தக் கையால் சேர்க்கப்பட்டது.

"சேர், பழம் பிடிக்காம நான் எப்படி ஓடு வாங்குற?" என்று கேட்டான் ஜவுபர்.

"தம்பி, நீ இனி நாட்டுட கை. நாட்டுட கைய லொறிக்கு மேல நீட்டலாமா? நாங்க பத்தொம்பது பேரும் ஒரு பொருளயும் கையால தொடாமத்தானே இவ்வளவு தூரம் வந்திரிக்கம்?"

இதை அவர் பெருமையாகத்தான் சொன்னார். ஜவுபர் கையெழுத்துப் போட்டான். தவிசாளர் சமாதான நீதவானாகவும் இருந்தபடியால் அவரே முத்திரை குத்தினார். மாதச் சம்பளம் என்று ஒன்றுமில்லை, போக்குவரத்துக்கு ஏதோ கொடுத்தார்கள், அது பாலமுனைக்கு பஸ் ஏறவே சரி.

பயிற்சி தொடங்கியது. கிழமையில் மூன்று நாள், பின்னேரம் நாலு மணிக்கு, கடற்கரை மணலில். தலைக்கவசம், தோள்கவசம் மாட்டிக்கொண்டு ஜவுபர் நிற்பான். வியர்த்து ஒழுகும். கனகரெத்தினம் கதிரையில் குடைபிடித்து இருந்து விசில் ஊதுவார். ஜவுபர் இருபது யார் ஓடித் திரும்பிக் கையை நீட்டுவான். நான் பதிவேட்டில் எழுதவேண்டும்.

முதல் நாள் திரும்பிக் கையை நீட்டியவன் அப்படியே நின்றான்.

"பந்து எங்க சேர்?"

"பந்து அலுமாரிக்குள்ள பத்திரமா இருக்கு" என்றார் கனகரெத்தினம். "அது நன்கொடைப் பொருள் தம்பி. மணல் பட்டா யார் விளக்கம் குடுக்கிற?"

"அப்ப நான் என்னத்தப் பிடிக்க?"

"பிடிக்கிற மாதிரிப் பிடியும். மீரா, எழுதும். பிடிபட்டது."

நான் எழுதினேன்: பிடிபட்டது.

ஆறு பந்தும் தவிசாளரின் அறையில் கண்ணாடி அலுமாரிக்குள் இருந்தன. வருகிறவர்களுக்குக் காட்டுவார்கள். தவிசாளரே சாவியைத் தன் அறைஞாணில் கட்டியிருந்தார். கடலோரத்தில் வலை இழுக்கிற ஆட்கள் வேலையை விட்டுவிட்டு எங்கள் பயிற்சியைப் பார்ப்பார்கள். தலையில் இரும்புக்கூட்டோடு வெறும் காற்றைப் பிடிக்கிற ஒருவன், குடைக்குள் இருந்து விசில் ஊதுகிற ஒருவர், எழுதுகிற ஒருவன். "பாவம், யாரும் ஓதிப் பார்க்கக் கூடாதா?" என்று ஒருத்தி கேட்டது என் காதில் விழுந்தது.

ஆறு மாதத்தில் பதிவேட்டின்படி நானூற்றுப் பன்னிரண்டு எறிகள். பிடிபட்டது நானூற்று ஒன்பது, தவறவிட்டது மூன்று. அறிக்கை கொழும்புக்குப் போகுமுன் ஜவுபரின் கையெழுத்து வேண்டும் என்று காட்டினோம். அவன் அந்த மூன்றையே பார்த்துக்கொண்டு நின்றான். முகம் வாடிவிட்டது. காக்கா என்று அண்ணன் முறையில்தான் என்னைக் கூப்பிடுவான்.

"காக்கா, நான் எப்ப மூண்டு விட்டன்?"

எனக்கு வெட்கமாக இருந்தது. கனகரெத்தினம்தான் பதில் சொன்னார். "எல்லாத்தையும் பிடிச்சா மேலிடம் நம்பாது தம்பி. மூண்டு விட்டாத்தான் மனிசன்."

"வராத பந்த நான் எப்படிச் சேர் விட்டன்?"

"வராத பந்த நானூத்தி ஒம்பது தரம் பிடிச்சீர், அதுக்கு ஒண்டும் கேக்கல்லயே!"

அவன் கையெழுத்துப் போட்டான்.

அந்த மாதமே விசிலுக்குள் இருந்த குண்டுமணி விழுந்து தொலைந்தது. புதிய விசிலுக்குக் கொழும்புக்கு எழுதினோம். உள்ளூர்க் கடையில் வாங்கலாமே என்று ஓர் உறுப்பினர் சொன்னார், அவரைக் கூட்டத்தில் எல்லாரும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். விசில் வரும்வரை பயிற்சி நிறுத்தப்பட்டது. ஆனால் ஜவுபர் கிழமையில் மூன்று நாள் வந்து, வரவுப் புத்தகத்தில் கையெழுத்து வைத்து, ஐந்து மணிவரை வாங்குப் பலகையில் இருக்கவேண்டும். ஒன்றரை வருடம் இருந்தான். எண்பத்தோராம் ஆண்டுப் பழப்பருவம் அவன் கண்ணுக்கு முன்னாலேயே ரோட்டால் போயிற்று. கந்தோர் யன்னலால் லொறிகளைப் பார்ப்பான். மேலே வேறு எவனோ நின்றான். பின்னேரம் ஊர் திரும்பினால், லொறி நின்ற இடமெல்லாம் சிவப்புச் சிவப்பாகத் துண்டுகள் கிடந்தன. வரிசைக்காரர் நன்றாகத் தின்று கொழுத்தார்கள்.

எண்பத்திரண்டாம் ஆண்டு மாசியில் ஆதம்பாவா கந்தோருக்கே வந்துவிட்டார். வெள்ளைச் சாரமும் தொப்பியுமாக வாங்கில் ஜவுபருக்குப் பக்கத்தில் இருந்தார். நல்ல மனிதர், சத்தம் போடவில்லை. அதுதான் கூடுதலாக வலித்தது.

"கவர்மென்ட் வேல நல்லம்தான் மனே. ஆனா மழ கவர்மென்டப் பாத்துப் பெய்யாது. சுவர் மூண்டு மாரி நனைஞ்சு போச்சு. என்ட மகன் கிடுகுக்குக் கீழ வந்து குடியிரிக்க மாட்டான். நோன்பு வர முதல் ஓடு போடு. இல்லாட்டி நாங்க வேற இடம் பாக்கத்தான் வேணும். கோவிச்சுக்காத."

"போடுவன் மாமா" என்றான் ஜவுபர். எதை வைத்துப் போடுவான்? அவர் போன பிறகு தவிசாளரிடம் போய், இந்த ஒரு பருவத்துக்கு மட்டும் பழம் ஏற்ற அனுமதி கேட்டான். தவிசாளர் அவனைக் கனிவாகப் பார்த்தார்.

"வாற மாசம் கொழும்பிலிருந்து பணிப்பாளர் நாயகம் வாறார். ஒன்னப் பாக்கத்தான் வாறார். அவர் ஒரு பந்து எறிவார், நீ பிடிப்பாய், படமெடுப்பாங்க. அடுத்த நாள் நியமனக் கடிதம். இதுக்குள்ள நீ வத்தகப்பழத்துக்குப் போனா, நான் என்னத்தடா அவருக்குக் காட்டுற?"

பணிப்பாளர் நாயகம் வருகிற நாள் காலையில்தான் கண்ணாடி அலுமாரியைத் திறந்தார்கள். ஆறு பந்தும் சப்பட்டையாகக் கிடந்தன. உப்புக்காற்றில் தோல் வெடித்து, ஒன்றை எலி பாதி தின்றிருந்தது. நல்லதாக ஒன்றைத் தெரிந்தெடுத்துக் காற்றடிக்கப் பார்த்தால் ஊசி இல்லை. ஊசிதான் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டதே! கனகரெத்தினம் தலையில் கைவைத்து இருந்துவிட்டார். தவிசாளர் கலங்கவில்லை. இப்படியான நேரத்தில்தான் அவருக்கு மூளை வேலை செய்யும்.

"பாக்கிறத்துக்குப் பந்து மாதிரி இருந்தாப் போதும். அவர் எறியத்தானே போறார், வீட்டுக்கா கொண்டு போகப் போறார்? மீரா, ஓடிப்போய் நீளமான வத்தகப்பழம் ஒண்டு கொண்டு வா. சின்னதா, பழுத்ததா."

எனக்கு அந்த உறுதிமொழிப் பத்திரத்தின் கடைசி வாக்கியம் சட்டென்று ஞாபகம் வந்தது. வாய்வரை வந்ததை விழுங்கினேன். கேள்வி கேட்பதை நான் முதற்கூட்டத்தோடு விட்டவன். "ஜவுபருக்குச் சொல்லவா சேர்?" என்று மட்டும் கேட்டேன்.

"பிடிக்கிறவனுக்கு விபரம் எதுக்கு?" என்றார் தவிசாளர்.

சீனிமுகம்மதுவின் தோட்டத்திலேயே போய் வாங்கினேன். அவர் காரணம் கேட்டார், சபைக்கு என்றேன், காறித் துப்பிவிட்டு ஒன்றைப் பிடுங்கித் தந்தார். கந்தோரின் பின்னறையில் இருந்து பழத்துக்குப் பழுப்புச் சப்பாத்துப் பொலிஷ் பூசி, மினுக்கி, காயத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பிளாஸ்டரை வெட்டித் தையல் மாதிரி ஒட்டினேன். என் சொந்தச் சப்பாத்தைக்கூட நான் அப்படித் துடைத்ததில்லை. கனகரெத்தினம் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்து, அசல் பந்தைவிட இது நல்லாயிருக்கு என்றார்.

விழா அதே கடற்கரை மைதானத்தில், மூன்று மணிக்கு. பணிப்பாளர் நாயகம் ஐந்தரைக்கு வந்தார். பத்தொன்பது உறுப்பினரும் ஆளுக்கொரு மாலை போட்டதில் அவருடைய முகம் மறைந்தது. கூட்டம் நிறைய. சீனிமுகம்மதுவும் வரிசைக்காரரும் வந்திருந்தார்கள், ஆதம்பாவா முன்னால் கதிரையில் இருந்தார், பெண்கள் பக்கத்தில் ஹாஜறாவும் இருந்தாள். பணிப்பாளர் நாயகம் இங்கிலீசில், இங்கே வந்ததில் மகிழ்ச்சி என்று ஒரு வசனம் சொன்னார். கனகரெத்தினம் அதை ஒன்பது நிமிடம் தமிழில் மொழிபெயர்த்தார். அதில் சபையின் சாதனை எல்லாம் வந்தது, நானூற்று ஒன்பது பிடியும் வந்தது.

பிறகு தவிசாளர் ஒரு வெள்ளித் தட்டில் பந்தைக் கொண்டுவந்து நீட்டினார். பணிப்பாளர் நாயகம் தூக்கிப் பார்த்து, பாரமாக இருக்கிறதே என்றார். அசல் அமெரிக்கத் தோல், சேர், என்றார் கனகரெத்தினம். ஜவுபர் கவசங்களோடு இருபது யாருக்கு அங்கால் நின்றான். இரண்டு வருடத்துக்குப் பிறகு ஒரு பொருள் அவன் கைக்கு வரப்போகிறது. அவன் விரல்கள் விரிந்து மடங்குவதை நான் பார்த்தேன். ஹாஜறா வாயைச் சீலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள்.

பணிப்பாளர் நாயகம் முழுப் பலத்தோடு எறிந்தார். நல்ல எறிதான். நேரே ஜவுபரின் நெஞ்சுக்குப் போனது.

அது எறிந்த கையை விட்டுப் பிரிந்த உடனேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. எட்டு வருடம் பிடித்தவனுக்குத் தெரியாதா? அது காற்றில் உருண்ட விதத்தில், காம்புப் பக்கம் இழுத்த பாரத்தில் தெரிந்திருக்கும். நீட்டிய கைகளை அவன் மெதுவாக மடக்கினான். முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். ஒரு அடி விலகி நின்றான்.

பழம் மணலில் விழுந்து வெடித்தது. சிவப்பு நாலாபக்கமும் சிதறியது.

ஜவுபர் தலைக்கவசத்தைக் கழற்றினான்.

"சேர், கையெழுத்துப் போட்டிரிக்கன். வத்தகப்பழம் பிடிக்க ஏலாது. எவர் எறிஞ்சாலும் ஏலாது எண்டு எழுதியிரிக்கி. தவிசாளர் சேர்ட முத்திரையும் இரிக்கி."

முதலில் சிரித்தவர் சீனிமுகம்மது. "எலே, எட்டு வருஷத்துக்குப் பொறகு இவன் ஒண்டு விட்டிரிக்கான்டா!" என்று கத்திக்கொண்டு வரிசைக்காரரோடு மைதானத்துக்குள் இறங்கினார். வழக்கம் வழக்கம்தானே. துண்டுகளைப் பொறுக்கி, மணல் தட்டி, ஆளுக்கொன்று கொடுத்தார்கள். ஆதம்பாவாவுக்கும் ஒன்று போனது. பொலிஷ் படாத பக்கமாகக் கடித்தார்.

என்ன நடக்கிறது என்று பணிப்பாளர் நாயகம் கேட்டார். தவிசாளர் கண்ணை இமைக்கவில்லை. "இஞ்சத்த வழக்கம் சேர். ஆட்டம் தொடங்க முதல் பிரதம அதிதி ஒரு பழம் உடைக்கோணும். சேர் வடிவா உடைச்சிட்டீங்க." பக்கத்தில் இருந்த மரைக்கார் ஒருவர் அஸ்தஃபிருல்லாஹ் என்றார். கனகரெத்தினம் மொழிபெயர்த்தார். பணிப்பாளர் நாயகம் மிகவும் மகிழ்ந்து, பண்பாட்டைப் பேணிக் காக்கும் சபை என்று புகழ்ந்து, புதிய ஜீப் ஒன்றுக்கு அங்கேயே சிபாரிசு செய்தார். அவர் போன பிறகு கனகரெத்தினம் என் தோளில் தட்டினார்.

"மீரா, எழுதும். பிடிபட்டது. நானூத்திப் பத்து."

நான் எழுதினேன்.

ஜவுபர் கவசங்களைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, வேலையை விடுவதாகச் சொன்னான். முதல் ஆட்டம் ஆடாத ஆட்டக்காரன் விலக முடியாது என்று பதினான்காம் பக்கத்தைக் காட்டினார் கனகரெத்தினம். நியமனக் கடிதமும் முதல் ஆட்டத்துக்குப் பிறகுதான், முதல் ஆட்டம் எறிகிறவன் வந்த பிறகுதான். ஜவுபர் அந்தப் பக்கத்தை வாசிக்கவில்லை. அடுத்த நாள் விடிய லொறிக்கு மேலே நின்றான்.

வைகாசிக் கடைசியில், நோன்புக்கு மூன்று கிழமைக்கு முன்னால், சபை அவனுக்கு ஒரு கடிதம் எழுதியது. உறுதிமொழியை மீறி வத்தகப்பழம் பிடித்ததற்குப் பதினான்கு நாட்களுக்குள் விளக்கமளிக்க வேண்டும். புதிய ஜீப்பில் என்னைப் பாலமுனைக்கு அனுப்பினார்கள். கடிதத்தைக் கையில் கொடுத்ததைப் பதிவேட்டில் பதிந்து வரவேண்டும்.

போய்ப் பார்த்தால், வீட்டுக்கு மேலே ஜவுபர். புதுச் சலாகை அடித்திருந்தது. முற்றத்தில் ஓடு குவிந்திருந்தது. வத்தகப்பழ வரிசை அப்படியே ஓட்டு வரிசையாகி, சீனிமுகம்மது கடைசியில் நின்று ஓட்டை மேலே எறிந்துகொண்டிருந்தார். ஜவுபர் பிடித்துப் பிடித்து அடுக்கினான். ஆதம்பாவாவும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார். ஓர் ஓடும் விழவில்லை.

"காக்கா, என்ன விஷயம்?" என்று மேலேயிருந்து கேட்டான்.

"கடிதம் ஜவுபர். சபையிலருந்து. கையில குடுக்கச் சொன்னாங்க."

"கை வேலையா இரிக்கி காக்கா. எறியுங்க."

ஓர் ஓட்டுத் துண்டைக் கடிதத்துக்குள் வைத்து மடித்து எறிந்தேன். நான் ஒன்றும் பெரிய எறிகாரன் இல்லை. ஆனாலும் அது நேரே அவன் நெஞ்சுக்குத்தான் போனது, குழந்தையும் பிடிக்கும். அவன் அது வருவதைப் பார்த்துக்கொண்டே இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டினான். கடிதம் அவனைத் தாண்டி, சலாகைகளுக்கு நடுவால் வீட்டுக்குள் விழுந்தது. உள்ளே ஹாஜறா தேநீருக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். கடதாசி அவளுக்கு உதவியது.

ஜீப் சாரதி ஒலிப்பானை அடித்தான். நான் அவனைப் போகச் சொல்லிவிட்டு, சீனிமுகம்மதுவுக்குப் பக்கத்தில் வரிசையில் போய் நின்றேன். நிற்கும் முன் பதிவேட்டைத் திறந்து, மதிலில் வைத்து, அந்தச் சபையில் நான் எழுதிய முதல் உண்மையை எழுதினேன்: எறி ஒன்று, பிடிபடவில்லை.